ஊதாத நேரத்தில் நான் யார்?

கேள்வி: எனக்கு வயது 24. பதினொரு வருடமாக ஃப்ளூட் கற்கிறேன், மேற்கத்திய செவ்வியல் முறையில். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ராக் குழுவில் சேர்ந்தேன். பத்துப் பாட்டு வாசித்தால் நாலில்தான் எனக்கு வேலை. மற்ற ஆறிலும் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் சும்மா நிற்கிறேன். வாசிக்கும்போதும் என் சத்தம் எனக்கே கேட்பதில்லை. நிகழ்ச்சி முடிந்த இரவு காதுக்குள் கீச்சென்று ஒரு ஒலி, மறுநாள் காலையில்தான் அடங்குகிறது. அடுத்த மாதம் ஆல்பம் ஒலிப்பதிவு. அதில் ஒரு பாட்டு என் ஃப்ளூட் வரியோடுதான் தொடங்குகிறது. ஒத்திகையில் நானே உண்டாக்கிய வரி அது. ஆனால் எல்லாப் பாட்டையும் பாடகர், கிட்டார் வாசிப்பவர் இருவர் பெயரில் மட்டும் பதியப் போகிறார்களாம். கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ‘ஆர்க்கெஸ்ட்ரா தேர்வுக்குத் தயாராகு, இதில் எதிர்காலம் இல்லை’ என்கிறார் அப்பா. இந்த வேலையில் ஒரு வாழ்க்கை உண்டா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தின் நடுவே ஒரே வரியில் சொல்லிவிட்டு நீங்கள் தாண்டிப் போன விஷயத்தைத்தான் முதலில் எடுக்கிறேன். காது. முப்பது வருடம் ராக் குழுக்களில் ஃப்ளூட்டும் சாக்ஸபோனும் வாசித்தவன் நான். என் இடது காதில் ஒரு மெல்லிய விசில் ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கிறது. தூங்கும்போதும் இருக்கிறது, இதை எழுதும்போதும் இருக்கிறது. உங்கள் வயதில் எனக்கும் அது காலையில் அடங்கிவிடும். ஒரு நாள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

வேலையிடங்களில் சத்தத்துக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. இப்படியே இறங்கி 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம். டிரம்ஸும் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பும் சேர்ந்து முழங்கும் மேடையில் 100 டெசிபல் சாதாரணம். இரண்டு மணி நேரம் அங்கே நிற்கும் உங்களுக்கு அன்றைய அளவு மூன்றாவது பாட்டு முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. நீங்கள் ஊதாமல் நிற்கும் ஆறு பாட்டிலும் அது ஏறிக்கொண்டேதான் போகிறது.

ஆகவே இந்த வாரமே காது பரிசோதனை செய்து, முடிவைப் பத்திரமாக வையுங்கள். இன்னும் இரண்டு வருடம் கழித்து ஒப்பிட அது வேண்டும். கூடவே, இசைக்கலைஞர்களுக்கென்று காதின் அச்செடுத்துச் செய்யும் அடைப்பான்களை வாங்குங்கள். 9, 15, 25 டெசிபல் என்று குறைக்கும் அளவுகளில் அவை கிடைக்கும். பஞ்சைத் திணித்தால் உயர்ந்த ஒலிகள் மட்டும் செத்து எல்லாம் மந்தமாகக் கேட்கும். இவை ஏறத்தாழ எல்லா அலைவரிசையையும் ஒரே சீராகக் குறைப்பவை. சாக்ஸபோன், கிளாரினெட் போன்ற ரீட் கருவிக்காரர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. மவுத்பீஸ் பல்லில் பதிவதால் காதை அடைத்ததும் சொந்தக் கருவியே மண்டைக்குள் இரையும். ஃப்ளூட் பல்லைத் தொடுவதில்லை, அதனால் உங்களுக்குப் பழக்கம் சீக்கிரம் வரும். இரண்டு வாரம் வீட்டில் போட்டுக்கொண்டு பயிற்சி செய்த பிறகு மேடைக்குப் போங்கள்.

மேடையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எழுதவில்லை. கடைசியாகச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் நடுவே மிஞ்சிய சந்து. அங்கேதான் நிற்கிறீர்கள் என்றால் அடுத்த ஒத்திகையிலேயே இடம் மாற்றிக் கேளுங்கள். டிரம்ஸின் சிம்பல் தட்டுகள் காது மட்டத்தில் இருக்கும் இடத்தில் யாரும் வேலை செய்யக் கூடாது.

அடுத்து, உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்காத விஷயம். நுரையீரலை வருத்தி இதைத் தீர்க்க முடியாது, முயலவும் வேண்டாம். ஃப்ளூட் சத்தம் குறைந்த கருவி. அதைக் கேட்க வைக்க மைக்கின் அளவை ஏற்றினால் அதே மைக் டிரம்ஸையும், வாசிப்பவருக்கே ஒலியைக் கேட்க வைக்கும் மானிட்டர் பெட்டியையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும், கடைசியில் ஊளையிடும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். ஊதும் காற்று நேராக மோதி ‘புஸ்’ என்று இரையும். உதட்டுத் தட்டுக்குச் சற்று மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், அல்லது உதட்டுத் தட்டுக்கும் இடக்கைக்கும் நடுவே குறிபாருங்கள். சவுண்ட் இன்ஜினியரிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: ‘என் கருவியின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 262 ஹெர்ட்ஸ், 200-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.’ அந்த எல்லைக்குக் கீழே உங்கள் மைக்கில் விழுவது முழுக்க அடுத்தவர் சத்தம்தான். இந்த ஒரு வாக்கியத்தாலேயே அவர் உங்களை மதித்துப் பேச ஆரம்பிப்பார், பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். முடிந்தால் காதுக்குள் செருகும் மானிட்டருக்கு மாறுங்கள். அதிலும் சத்தத்தைக் குறைவாக வைத்தால்தான் காதுக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று, எட்டு மாதத்தில் நீங்களே கவனித்திருப்பீர்கள். மூன்று பாட்டுக்குச் சும்மா இருந்துவிட்டு நாலாவதில் சோலோ எடுத்தால் சுருதி தாழ்ந்து நிற்கும். குளிர்ந்த குழல் தாழும், சூடேறினால் உயரும். மேடை விளக்கின் சூட்டில் கிட்டார் கம்பிகளோ தளர்ந்து இறங்கும். ஒருவர் மேலே போக ஒருவர் கீழே வர, நடுவில் அகப்படுவது உங்கள் சோலோ. உங்கள் முறை வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே உதட்டுத் தட்டை வாயால் மூடி, ஒலி எழாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழலுக்குள் விட்டுக்கொண்டே இருங்கள்.

கருவியைப் பற்றி இது போதும். உங்கள் கடிதத்தின் உயிர் அந்த ஆறு பாட்டில்தான் இருக்கிறது.

கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல். ராக் பாட்டு என்றால் இந்த நான்கும் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஃப்ளூட் வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு புதுப் பாட்டிலும் எழும், எழத்தான் செய்யும். முப்பது வருடம் கழித்தும் எழும். இதை அவமானமாக எடுத்துக்கொண்டவர்கள் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள். இதற்குப் பதில் கண்டுபிடித்தவர்களைப் பார்த்தால், அவர்கள் யாரும் வெறும் ஊதுகுழல்காரராக இருந்ததில்லை.

ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரில் எரிக் கிளாப்டன் அளவுக்கு வர முடியாது என்று தோன்றியதால் கையிலிருந்த கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஃப்ளூட்டை வாங்கியவர். யாரிடமும் பாடம் கேட்கவில்லை. 1968-இல் அவர்களின் முதல் ஆல்பம் வந்தபோது அவர் அதைத் தொட்டு ஒரு வருடம் ஆகியிருந்தால் அதிகம். ஊதிக்கொண்டே தொண்டையில் முனகும் முறையை ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கிர்க்கிடமிருந்து எடுத்துக்கொண்டார். கிர்க்கின் ஒரு உருப்படியே அந்த ஆல்பத்தில் இருக்கிறது. பல வருடம் கழித்து, பள்ளியில் ஃப்ளூட் கற்க ஆரம்பித்த மகளின் விரல் வைப்பைப் பார்த்து, தன்னுடையது பல இடங்களில் தவறு என்று தெரிந்து, உலகப் புகழோடு உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து கற்றார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆனால் அவர் மேடையின் நடுவில் நின்றது ஃப்ளூட்டால் மட்டுமா? பாட்டெழுதியவர் அவர், பாடியவர் அவர், அக்கூஸ்டிக் கிட்டாரும் அவர்.

இயன் மெக்டொனால்டு உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர். பதினைந்து வயதில் ராணுவ பேண்டில் சேர்ந்து கிளாரினெட் கற்றவர், பிறகு ஃப்ளூட், சாக்ஸபோன். கிங் கிரிம்சன் 1969-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் சாக்ஸபோன், ஃப்ளூட், கிளாரினெட் மூன்றையும் வாசித்தார். அவை தேவைப்படாத இடத்தில் மெலட்ரான் என்ற விசைக்கருவிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்த ஆல்பத்தின் ஐந்து பாட்டிலும் ஆக்கியோர் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அவற்றில் இரண்டுக்கு இசை அவருடையது மட்டுமே. அதே வருடக் கடைசியில் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார், பெயர் விலகவில்லை. 1976-இல் ஃபாரினர் குழு உருவானபோது அதில் கிட்டார், விசைப்பலகையோடு சாக்ஸபோனும் வாசித்தார்.

ஆகவே அந்த ஆறு பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டால், ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் இரண்டாம் குரல் பாட முடியுமா? விசைப்பலகையில் நீளமான நாலு சுரம் பிடித்தால் பாட்டு நிறையுமா? பாட்டு கேட்டால் செய்யுங்கள். சும்மா நிற்கிறோமே என்ற கூச்சத்துக்காகத் தாளக் கருவி எதையாவது ஆட்டிக்கொண்டு நிற்காதீர்கள், பார்ப்பவர்களுக்கு அது தெரிந்துவிடும். எதுவும் தேவையில்லை என்றால் மேடையை விட்டு இறங்கிவிடுங்கள். நான் பல வருடம் இதைச் செய்யப் பயந்தேன். செய்த பிறகுதான் தெரிந்தது, திரும்பி வரும்போது கூட்டம் நிமிர்ந்து பார்க்கிறது. காதும் பிழைக்கிறது.

உங்களுக்கு இருக்கும் நாலு பாட்டில்கூட இடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஃப்ளூட்டின் கீழ் ஸ்தாயி எவ்வளவு அழகாக இருந்தாலும் கரகரப்பாக முறுக்கிய கிட்டார் ஒலிக்கு அடியில் மூழ்கிவிடும். மூடி புளூஸ் குழுவின் ரே தாமஸ், 1967-இல் வந்த ‘நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்’ பாட்டில் வாசித்த பகுதியைக் கேளுங்கள். குரல் ஓய்ந்து, பாட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்த பிறகுதான் ஃப்ளூட் நுழைகிறது. இடத்தைக் கேட்டு வாங்க வேண்டும், ஏற்பாடு செய்யும்போதே. மேடையில் ஏறிய பிறகு போட்டி போட்டு வாங்க முடியாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கேளுங்கள். ஒலிப்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் மென் அட் வொர்க் குழுவில் கிரெக் ஹாம் என்பவர் ஃப்ளூட், சாக்ஸபோன் வாசித்தார். 1981-இல் வந்த ‘டவுன் அண்டர்’ பாட்டு உலகம் முழுக்க ஓடியது. அதைக் கேட்டவர்கள் நினைவில் தங்கியது அவருடைய ஃப்ளூட் வரி. ஆனால் பாட்டை ஆக்கியவர்கள் என்று பதிவானவை இரண்டு பெயர்கள், பாடகருடையதும் கிட்டார் வாசித்தவருடையதும். உங்கள் குழுவில் நடக்கப் போவதும் அதுதானே. பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த ஃப்ளூட் வரியில் 1932-இல் மரியன் சின்கிளேர் எழுதிய ஒரு குழந்தைப் பாட்டின் துண்டு இருக்கிறது என்று, அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருந்த நிறுவனம் வழக்குப் போட்டது. 2010-இல் நீதிமன்றம் அதை ஏற்று, 2002 முதல் உள்ள ராயல்டியில் 5 சதவீதம் தர வேண்டும் என்றது. ஆக்கியோர் வரிசையில் இடம் கிடைக்காத வரி, வழக்கு என்று வந்ததும் சதவீதம் போட்டு எடைபோடப்பட்டது. காப்பியடித்தவராகத்தான் நினைவுகூரப்படுவோமே என்ற வருத்தம் ஹாமுக்கு இருந்தது. 2012-இல் இறந்துபோனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை. முதல் வேலை உங்கள் வரியை நீங்களே சோதிப்பது. சிறுவயதில் வாசித்த பயிற்சிப் பாடமோ, கேட்ட மெட்டோ விரலில் ஒளிந்திருந்து வந்ததா என்று இரண்டு மூன்று பேரிடம் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். விரலுக்கு மறதி கிடையாது. நமக்குத்தான் எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகிறது.

இரண்டாவது வேலை பேச்சு. பாட்டை ஆக்கிய உரிமை வேறு, பதிவில் வாசித்ததற்கான உரிமை வேறு. வாசித்ததற்குக் கிடைக்கும் பணத்தோடு உங்கள் கணக்கு முடிந்தது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, ‘பாட்டு என்றால் சொல்லும், கிட்டாரில் சேர்த்து ஒலிக்கும் சுரங்களான கார்டும்’ என்று நம்பும் குழுக்கள் ஏராளம். சண்டைக் குரலில் போகாதீர்கள், கெஞ்சவும் போகாதீர்கள். ஒத்திகை ஆரம்பிக்கும் முன், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள்: ‘இந்தப் பாட்டிலிருந்து என் வரியை எடுத்துவிட்டால் இது இதே பாட்டாக இருக்குமா?’ உண்மையான பதில் அவர்கள் முகத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு தாளை வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த வரி பிறந்த ஒத்திகையின் பதிவு யாருடைய தொலைபேசியிலாவது தேதியோடு இருக்கும், அதையும் சேமித்து வையுங்கள். மற்ற மூன்று பாட்டில் அவர்கள் சொல்லிக்கொடுத்ததை வாசித்தீர்கள் என்றால் அவற்றில் பங்கு கேட்காதீர்கள். இந்த ஒன்றில் விடாதீர்கள்.

மறுத்துவிட்டால்? உறவு கெடாது, தெளிவாகும். நீங்கள் உறுப்பினர் இல்லை, அழைத்து வாசிக்க வைக்கப்படுபவர் என்று அர்த்தம். அது கௌரவமான வேலைதான். பிங்க் ஃபிளாய்டின் உறுப்பினராக டிக் பாரி ஒருநாளும் இருந்ததில்லை. 1973-இல் ‘மணி’ (Money) பாட்டில் ஏழு எண்ணிக்கையில் ஓடும் தாளத்தின் மேல் அவர் வாசித்த சாக்ஸபோன் சோலோவை இன்றும் மாணவர்கள் எழுதியெடுத்துப் படிக்கிறார்கள். அதற்கு அடுத்து வரும் கிட்டார் சோலோவுக்குத் தாளமே நாலாக மாறிவிடுகிறது, கடினமான பாதி பாரிக்குத்தான் வாய்த்தது. ஆனால் அழைப்பின்பேரில் வாசிப்பவர் ஒத்திகைக்கும் சம்பளம் வாங்குவார், மற்ற குழுக்களுக்கும் வாசிப்பார், தன் வரியை இலவசமாகக் கொடுக்க மாட்டார். உறுப்பினரின் உழைப்பும் கூலிக்காரரின் பங்கும் என்ற கலவைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். நான் ஆறு வருடம் அப்படி இருந்தேன். அந்தக் குழு கலைந்த அன்று என் கையில் புகைப்படங்கள் மட்டும்தான் இருந்தன.

குழுக்கள் கலையும், எவ்வளவு பெரிய குழுவாக இருந்தாலும். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் 1972 முதல் சாக்ஸபோன் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ், அந்தக் குழுவின் முகங்களில் ஒன்று. 1989-இல் குழுவைக் கலைக்கும் செய்தி அவருக்குத் தொலைபேசியில் வந்தது. அப்போது அவர் ரிங்கோ ஸ்டார் குழுவோடு ஜப்பானில் பயணத்தில் இருந்தார். பத்து வருடம் கழித்து 1999-இல் மறுபடி சேர்ந்தார்கள், 2011-இல் இறக்கும்வரை அங்கேதான் வாசித்தார். அந்த அழைப்பு வந்தபோது அவர் கையில் வேறு வேலை இருந்தது என்பதை மனதில் வையுங்கள்.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதும் இதை ஒட்டியதுதான். அவர் கவலை நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் ‘இதுவா அதுவா’ என்று அவர் கேட்பதுபோல் கதவுகள் எதிரெதிராக இல்லை. ராக்ஸி மியூசிக்கில் ஓபோவும் சாக்ஸபோனும் வாசித்த ஆண்டி மெக்கே பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். கார்ல் ஜென்கின்ஸ் லண்டன் ராயல் அகாடமியில் படித்துவிட்டு, 1972-இல் சாஃப்ட் மெஷின் குழுவில் ஓபோவோடு போய்ச் சேர்ந்தார். இன்று உலகெங்கும் பாடகர் குழுக்கள் பாடும் பெரிய உருப்படிகளின் இசையமைப்பாளர் அவர். தினமும் ஒரு மணி நேரம் உங்கள் செவ்வியல் பயிற்சியை விடாமல் செய்யுங்கள், நீண்ட சுரங்கள், ஸ்கேல்கள், தேர்வுப் பகுதிகள் எல்லாம். ஆர்க்கெஸ்ட்ரா தேர்வு வந்தால் போய் வாசியுங்கள், குழுவில் அதைச் சொல்லிவிட்டே போங்கள். ஒன்று மட்டும் அப்பாவிடம் மறைக்காதீர்கள்: ஆர்க்கெஸ்ட்ராவில் ஃப்ளூட் நாற்காலிகள் இரண்டு மூன்றுதான், காலியாவது அரிது.

அதோடு சாக்ஸபோன் கற்றுக்கொள்ளுங்கள். விரல் வைப்பு ஃப்ளூட்டுக்கு நெருக்கம், வாய் அமைப்புதான் புதிது. ஒரு எச்சரிக்கை: கிட்டார்காரர்கள் ஈ, ஏ என்ற கீகளில் (சுருதி வரிசைகளில்) வாழ்பவர்கள். அவர்களின் ஈ மேஜர் ஆல்ட்டோ சாக்ஸபோனில் ஏழு ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றிய சுரங்கள்) கொண்ட சி ஷார்ப் மேஜராக வந்து நிற்கும், டெனார் சாக்ஸபோனில் ஆறு ஷார்ப். முதல் மாதத்திலிருந்தே அந்த ஸ்கேல்களில் பழகுங்கள். பிறகு கிளாரினெட். அதில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது விரல்கள் வேறு கணக்கு போடும், அதனால் அவசரப்பட வேண்டாம். இசை நாடகங்களின் வாத்தியக் குழுவில் ஒரே நாற்காலியில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பவரைத்தான் தேடுவார்கள். எனக்கு வீட்டு வாடகை கட்டியது பல வருடம் அந்த நாற்காலியும், கற்றுக்கொடுத்த மாணவர்களும்தான். ராக் குழு அதற்கு நடுவே இருந்தது, நான் அதிகம் உயிரோடு இருந்த இடமாக. இதில் வாழ்க்கை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, இந்த வடிவத்தில்.

மேடைப் புகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டர்சன் தனக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பதை 2020-இல் வெளியே சொன்னபோது, பல பத்தாண்டுகள் மேடையில் சுவாசித்த புகை இயந்திரத்தின் புகையையே காரணமாகக் கருதினார். மூச்சை வைத்துப் பிழைப்பவர் நீங்கள். உங்கள் பக்கம் அந்த இயந்திரம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. காது பரிசோதனையை இந்த வாரமும், அந்தத் தாளை அடுத்த வாரமும் முடித்துவிடுங்கள். பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கீழே இறங்கியிருந்தால், அதாவது அங்கே கேட்கும் திறன் குறைந்திருந்தால், அடைப்பான் இல்லாமல் ஒரு ஒத்திகைக்குக்கூடப் போகாதீர்கள். முடிவை எனக்கும் எழுதுங்கள்.